உன் அப்பா சுமந்த மூன்று பேர்

அன்புள்ள மருமகனுக்கு,

உன் தாய்மாமன் எழுதிக்கொள்வது. இங்கே அக்காவும் நானும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் உன் மனைவி மக்களும் அப்படியே இருக்க வேண்டும். நலம் விசாரித்தாயிற்று. இனி சண்டை.

உன் அப்பாவின் நினைவு மலருக்கு நீ எழுதி அனுப்பிய இரண்டு பக்கம் வந்து சேர்ந்தது. தொகுப்பாசிரியர் என்று அட்டையில் என் பெயரைப் போடப் போகிறார்களாம். முப்பத்தாறு வருஷம் இந்த ஊர் நூலகத்தில் கதையை ஓர் அலமாரியிலும் வரலாற்றை இன்னோர் அலமாரியிலும் அடுக்கி, மாற்றி வைத்தவர்களோடு மல்லுக்கட்டியவன் நான். எனக்கு மிச்சமிருக்கும் பெருமை அது ஒன்றுதான். அதற்கும் உன் இரண்டாம் பக்கம் வேட்டு வைக்கிறது.

‘குண்டு மழைக்கு நடுவே, காயம்பட்ட மூன்று வீரர்களை ஒரே நேரத்தில் தோளில் சுமந்து, ஆற்றைக் கடந்து, இரண்டு கிலோமீட்டர் ஓடிக் காப்பாற்றினார்’ என்று எழுதியிருக்கிறாய். மருமகனே, மனிதனுக்குத் தோள் இரண்டு. மூன்றாவது ஆளை எங்கே வைத்தார்? பல்லில் கவ்விக்கொண்டாரா? ஆளுக்கு அறுபது கிலோ என்று வை, பூட்ஸ் தனி. உன் அப்பாவின் எடை ஐம்பத்திரண்டு, அதுவும் குடையோடு சேர்த்து. இந்தக் கதையைக் கட்டியவன் எவனோ, அவன் ஆற்றையும் பார்த்ததில்லை, ஆளையும் தூக்கியதில்லை. மூன்றாந்தர நாவலைப் பாதி படித்துவிட்டு மீதியைத் தானே முடித்துக்கொள்கிற ரகம்.

ஆள் யார் என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. முன்னாள் படைவீரர் சங்கத்துச் செயலாளர்தான். நேற்று வீட்டுக்கே வந்து உட்கார்ந்துகொண்டார்.

“மலர்ல கொஞ்சம் வீரம் இருக்கணும் சார். பஞ்சர் ஒட்டினாரு, செத்துப்போனாருன்னு போட்டா எவன் படிப்பான்?”

“அவரு பஞ்சர்தானே ஒட்டினாரு?”

“அது ரிட்டயரானப்புறம் சார். அதுக்கு முன்னால பதினேழு வருஷம் பட்டாளம்!”

“பட்டாளத்துல தண்ணி லாரி ஓட்டினாரு.”

“தண்ணி இல்லாம எவன் சார் சண்டை போடுவான்?” என்று மீசையைத் தடவிக்கொண்டார். வெள்ளிக்கிழமை மலர் அச்சகத்துக்குப் போகிறதாம். அதற்குள் நான் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

பார்க்கிறேன். உன் அப்பாவை உனக்கு முன்னாலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தவன் நான். ராணுவ லாரிகள் வரிசையாகக் கான்வாயில் போகும்போது ஒன்றுக்கொன்று இடைவெளி விட வேண்டும். ஒரே குண்டில் இரண்டு வண்டி போய்விடக் கூடாது. நல்ல விதிதான். அத்தான் அதைப் பட்டாளத்திலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். கல்யாணமான நாலாம் நாள் அக்காவைச் சினிமாவுக்கு அழைத்துப் போனார். அவர் முப்பது அடி முன்னால், அக்கா முப்பது அடி பின்னால். முச்சந்தியில் அவர் எந்தப் பக்கம் திரும்பினார் என்று புதுப்பெண்ணுக்குத் தெரியவில்லை. அங்கேயே நின்றாள். அவர் இரண்டு டிக்கெட் வாங்கி, பக்கத்து நாற்காலியில் கைக்குட்டை போட்டு இடம் பிடித்து, முழுப் படத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தபோதும் அவள் அங்கேயே நின்றாள். “இடைவெளி சரியாத்தான் வெச்சிருந்தேன். நீதான் பின்தங்கிட்டே” என்று அந்த மனிதர் சொன்னதை அக்கா இன்றைக்கும் அதே குரலில் சொல்லிக் காட்டுவாள். நீ பிறந்து நடக்கத் தொடங்கியதும் நீயும் வரிசையில் சேர்ந்தாய். கடைத்தெருவில் முதலில் அவர், பிறகு அக்கா, பிறகு நீ, கடைசியில் பையைத் தூக்கிக்கொண்டு நான். குடும்பமாகப் போகிறோம் என்று ஒருவருக்கும் தெரியாது. நாலு பேர் தனித்தனியாக ஏதோ தொலைத்துவிட்டுத் தேடுகிறோம் என்றுதான் நினைத்திருப்பார்கள். “பட்டாளத்தாரே, இன்னைக்கு மூணாவது வண்டி ரொம்ப மெதுவா போகுதே!” என்று டீக்கடைக்காரர் உன்னைப் பார்த்துக் கத்துவார். உன் காது சிவந்துவிடும். அத்தான் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

போர் பற்றி அவர் வாயிலிருந்து நாங்கள் கேட்டது ஒரே ஒரு கதை. எட்டு மணி நேரம் மலைப்பாதையில் லாரி ஓட்டி முகாமுக்குப் போய்ச் சேர்ந்து, விறைப்பாக நின்று சல்யூட் அடித்து, குழாயைத் திறந்தால் சொட்டுத் தண்ணீர் இல்லை. தொட்டியின் அடிமூடி எங்கோ வழியில் கழன்று விழுந்துவிட்டது. “தண்ணி எங்கேய்யா?” என்று அதிகாரி கேட்க, “வழியெல்லாம் குடுத்துட்டு வந்தேன் சார்” என்றாராம். அதற்குப் பத்து நாள் தண்டனை. கேட்பவர்கள் சிரிப்பார்கள், அவர் சிரிக்காமல் ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். பதினேழு வருஷத்தில் இப்படி ஒரு கதையைப் பொறுக்கி எடுத்துச் சொல்லும் மனிதரைப் பற்றி நான் என்ன வீரம் எழுத? கேட்டால் அவரே “அதெல்லாம் எதுக்கு?” என்று சொல்லியிருப்பார்.

ஆகவே அந்தப் பத்தியை வெட்டுகிறேன். தண்ணீர் லாரியைப் போடுகிறேன், பஞ்சர் கடையைப் போடுகிறேன், முச்சந்தியைக்கூடப் போடுகிறேன். பொய்யைப் போட மாட்டேன். உனக்கு வருத்தமாக இருந்தால் செயலாளரிடம் அழு. சொந்தமாக ஒரு பொய்கூட ஒழுங்காகக் கட்டத் தெரியாத அந்த ஆளிடம் ஏமாந்தது உன் தவறு.

பிள்ளைகளுக்கு முத்தம். உன் மனைவிக்கு என் அன்பு. நீ எப்போதும் நன்றாக இருக்க ஆசி கூறும்,

உன் தாய்மாமன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது அக்கா வாங்கிப் படித்தாள். “செயலாளரை ஏன்டா திட்டுறே? இந்தக் கதையைக் கட்டினதே நீதானே” என்றாள். உனக்கு அப்போது எட்டு வயது. “உங்க அப்பா தண்ணி லாரிடா” என்று பள்ளிக்கூடத்தில் சிரித்தார்களென்று இரண்டு நாள் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாயாம். நான் கட்டிலில் உட்கார்ந்து ஆறு, குண்டு, மூன்று பேர் என்று எடுத்துவிட்டேனாம். நீ எழுந்து இரண்டு தட்டு காலி செய்தாயாம். அப்போது அத்தான் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார் என்கிறாள்.

அவள் சொன்ன பிறகுதான் மீதி எனக்கே நினைவுக்கு வருகிறது. மறுநாள் நூலகத்துக்கு வந்தார். அந்தக் கட்டடத்துக்குள் அவர் நுழைந்தது அந்த ஒரு தடவைதான். என் மேசைக்கு முன்னால் நின்று, ஆள் நடமாட்டம் இல்லையென்று பார்த்துக்கொண்டு, “மச்சான், மூணு பேரு இருக்கட்டும். ஆறும் இருக்கட்டும். பையன் என்கிட்ட வந்து கேப்பான், ரெண்டு கிலோமீட்டர்னு சொல்ல எனக்கு வாய் வராது. அரையாக்கிடுங்க” என்றார். நான் முடியாது என்றுவிட்டேன். கதை கட்டியவனுக்கு இருக்கிற திமிர்.

பத்தியை வெட்டவில்லை. என் பெயரோடு அப்படியே அச்சுக்குப் போகிறது. இரண்டை அரை என்று திருத்தியிருக்கிறேன். அதில் மட்டும் கை வைக்காதே.