மலிவு விலைச் சித்தப்பா

மின்கட்டண அலுவலகத்தில் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து பணம் வாங்கும் காசாளர் அம்மா, ஒரு நாள் மட்டும் தனியாக எங்கேயாவது போய்வருவது என்று தீர்மானித்தார். மனித இனம் தோன்றிய நாள் முதல் பலருக்கும் வந்து, வந்த வேகத்தில் அடக்கப்பட்ட ஆசைதான் அது. அவருக்கு மட்டும் அடங்கவில்லை.

வீட்டில் சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை தீவுக்குப் போய்ட்டு வரேன்."

"யாரோட?" என்றார் கணவர்.

"யாரோடவும் இல்ல. தனியா."

"சரி, யாரோட?"

மூன்றாவது முறையும் அதே கேள்வி வந்தபோது, அலுவலகத்தில் பயிற்சி வகுப்பு என்று மாற்றிச் சொன்னார். அதன்பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை. அரசாங்கப் பயிற்சியில் எதுவும் நடக்காது என்பது எல்லாக் குடும்பங்களுக்கும் தெரியும்.

இருப்பதிலேயே மலிவான படகில், இன்ஜினுக்குப் பக்கத்துப் பலகையில் உட்கார்ந்து தீவு போய்ச் சேர்ந்தார். தீவு அழகாகத்தான் இருந்தது. வெப்பப் பிரதேசமா குளிர்ப் பிரதேசமா என்று தானே முடிவெடுக்க முடியாமல், கரையில் தென்னையையும் மேலே பைன் மரத்தையும் வளர்த்து வைத்திருந்தது. வெயில் காயும்போதே மழை பெய்தது. காசாளர் அம்மாவுக்கு மனசு லேசானது. படகுத்துறை வாசலைத் தாண்டக் காலை எடுத்து வைத்தார். காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் மரியாதையாகத் தடுத்து, ஓரத்து அறையைக் காட்டினார்.

அறைக் கதவில் 'தனிநபர் வருகையாளர் நலன் மற்றும் உறவு ஏற்பாட்டுப் பிரிவு' என்று எழுதியிருந்தது. உள்ளே ஒரு மின்விசிறி, அதன் காற்று முழுவதையும் தன் பக்கம் திருப்பிக்கொண்ட ஒரு அலுவலர்.

"தனியா வந்திருக்கீங்க," என்றார் அலுவலர், காய்ச்சல் இருக்கிறது என்று சொல்லும் டாக்டரைப் போல.

"ஆமா சார்."

"தனி ஆளை உள்ளே விட முடியாதும்மா. முன்னே ஒருத்தர் தனியா வந்தார். கலங்கரை விளக்கப் படியில பாசி வழுக்கி விழுந்துட்டார். விழுந்த செய்தியை உறவினருக்குத் தெரிவிக்கணும்னு விதி. உறவினர் யாரும் பக்கத்துல இல்ல. துறையே ஆடிப்போச்சு."

"அவருக்கு என்ன ஆச்சு?"

"அவருக்கு ஒண்ணும் ஆகல. எழுந்து போய்ட்டார். எங்களுக்குத்தான் யார்கிட்ட தெரிவிக்கிறதுன்னு தெரியல."

"நான் விழுந்தா என்கிட்டயே சொல்லிடுங்க சார்."

"விழுந்தவங்ககிட்டயே விழுந்த தகவலைச் சொல்ல விதியில இடமில்லம்மா." அலுவலர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். "அதனாலதான் துறையே வாடகைக்கு உறவினர் ஏற்பாடு பண்ணுது. எந்த உறவு வேணும்?"

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் நீள பெஞ்சில் சிலர் வரிசையாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவர் உடையிலும் உறவுமுறை எழுதிய ஒரு வில்லை. அண்ணி, மைத்துனர், அத்தை.

"தம்பி இருக்காரா?" என்று கேட்டார் காசாளர் அம்மா.

"தம்பிதான் இருக்கறதுலயே விலை கூட. பை தூக்குவார். கணவர் அதைவிடக் கொஞ்சம் கம்மி, தூக்க மாட்டார். மகன் பதவி ரொம்ப நாளாக் காலி. யாரைப் போட்டாலும் வெளிநாட்டுக்குப் போயிடறாங்க."

"மலிவா என்ன இருக்கு?"

"சித்தப்பா."

"அவர் மட்டும் ஏன் மலிவு?"

"பேசுவார்," என்றார் அலுவலர்.

பட்ஜெட் அதற்குத்தான் இடம் கொடுத்தது. சித்தப்பா என்ற வில்லையோடு, குடையைக் கக்கத்தில் இடுக்கிய ஒரு பெருத்த மனிதர் எழுந்து வந்தார். அன்றுவரை காசாளர் அம்மாவைக் கண்ணால் பார்த்திராத அவர், மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்னம்மா இப்படி இளைச்சுப் போய்ட்டே?" என்றார். ஆள் தொழில் தெரிந்தவர் என்பது அந்த ஒரு வாக்கியத்திலேயே விளங்கிவிட்டது.

பேருந்தில் ஜன்னல் ஓர சீட்டைச் சித்தப்பா எடுத்துக்கொண்டார். அவருக்குக் காற்று வேண்டுமாம். காசாளர் அம்மா கடலைப் பார்க்க வேண்டுமானால் சித்தப்பாவின் தோளைத் தாண்டிப் பார்க்க வேண்டும். அந்தத் தோள் ஒரு இடத்தில் நிற்கவில்லை.

"சம்பளம் எவ்வளவு வருது?"

சொன்னார்.

"பிடித்தம் போகவா?"

அதையும் சொன்னார்.

"பையன் என்ன படிக்கிறான்?"

"கணக்கு."

"அதைப் படிச்சு என்ன பண்றது? என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"இன்னிக்குக் காலையிலதானே உங்களைப் பார்த்தேன்."

"இப்படித்தான் எல்லாரும் ஒரு காரணம் சொல்றீங்க," என்று சித்தப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். முகம் திரும்பியதில் கொஞ்சம் தெரிந்துகொண்டிருந்த கடலும் மறைந்தது.

அருவி நிறுத்தத்தில் இறங்கியதும் நேராக அருவிக்குப் போகலாம் என்று காசாளர் அம்மா நினைத்தார். அது நடக்கவில்லை. கொஞ்ச தூரத்தில் பெரியம்மா பணியில் இருப்பதாகவும், அவரைப் பார்க்காமல் போனால் பிறகு பேச்சு வருமென்றும் சித்தப்பா சொன்னார்.

பெரியம்மாவை அன்று வாடகைக்கு எடுத்திருந்தவன் ஒரு இளைஞன். இணையத்தில் 'ஒற்றைப் பறவை' என்ற பெயரில் தனியாக ஊர் சுற்றுவதன் பெருமையைப் பேசுகிறவன். அவன் பேச்சைக் கேட்டுத் தனிமையில் ஈடுபட்டவர்கள் பல லட்சம் பேர் என்றார்கள். பெரியம்மா அவனுடைய போனைப் பிடித்துக்கொண்டிருந்தார். போனில் மழை விழாமல் சித்தப்பா குடை பிடித்தார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவராகக் காசாளர் அம்மா, அவனுடைய பையையும் செருப்பையும் வாங்கிக்கொண்டார்.

"நண்பர்களே," என்றான் ஒற்றைப் பறவை போனைப் பார்த்து. "சுத்திலும் யாருமே இல்ல. நானும் இந்த அருவியும் மட்டும்தான்." பிறகு நிறுத்தினான். "ஆன்ட்டி, உங்க முழங்கை தெரியுது."

காசாளர் அம்மா ஒதுங்கினார்.

"சுத்திலும் யாருமே இல்ல. இந்த அமைதி இருக்கே..."

"தலையைத் துவட்டுடா, சளி பிடிச்சுக்கும்," என்றார் பெரியம்மா.

"பெரியம்மா, குரல் விழுது."

"குரல் விழுந்தா பரவால்ல, காய்ச்சல்ல நீ விழாம இருந்தா சரி."

அருவிக்கு எதிரே தனிமை இப்படி ஏழெட்டு முறை எடுக்கப்பட்டது. அதற்குள் பெரியம்மாவுக்கும் சித்தப்பாவுக்கும் குடையை எந்தப் பக்கம் சாய்ப்பது என்பதில் மனத்தாங்கல் வந்து, ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு ஒருவர் இனிப் போவதில்லை என்று முடிவாகிவிட்டது. காசாளர் அம்மா அருவியைப் பார்த்தாரா என்றால், பார்த்தார். அவன் செருப்பைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒரு பக்கமாகப் பார்த்தார்.

இனி மிச்சமிருந்தது மலையுச்சி. தீவுக்கு வந்ததே அதற்குத்தான். அங்கே நின்றால் நாலு பக்கமும் கடல் தெரியும், வேறு எதுவும் தெரியாது, யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்று யாரோ சொல்லிக் கேட்ட நாளிலிருந்து, ஜன்னலில் சில்லறைக்குச் சண்டை நடக்கும்போதெல்லாம் அவர் மனசு போய் நின்றது அந்த உச்சியில்தான்.

உச்சிக்குப் போகும் வழியில் இரும்புக் கதவு. பக்கத்தில் 'தனிமை முனை' என்ற பலகை. ஒரு காவலாளி எழுந்து நின்றார்.

"ஒருத்தர் மட்டும்தான் போகலாம்," என்றார்.

"நான் ஒருத்திதான்."

"கூட சித்தப்பா இருக்காரே."

"அவர் இங்கேயே இருப்பார்."

"முடியாதும்மா," என்றார் சித்தப்பா. "உன்னை விட்டுட்டு நான் நின்னா எனக்கு வேலை போயிடும்."

"கூட்டிட்டுப் போனா எனக்கு வேலை போயிடும்," என்றார் காவலாளி. "இது வேற துறை. தனிமையைப் பாதுகாக்கிற துறை. யாரும் இல்லாதவங்களுக்கு மட்டும்தான் அனுமதி."

"யாரும் இல்லாதவங்களைக் கீழே படகுத்துறையிலயே நிறுத்திடறாங்களே. அப்போ இங்கே யார்தான் வந்திருக்காங்க?"

காவலாளி யோசித்தார். "இதுவரைக்கும் யாரும் வரல. அதனாலதான் முனை இவ்வளவு சுத்தமா இருக்கு. போன வருஷம் விருது கொடுத்தாங்க."

காசாளர் அம்மா அசையவில்லை. அவரும் அரசாங்க ஊழியர்தான். சர்வர் வேலை செய்யவில்லை என்று சொல்லி எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியவர். ஆனால் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று பழக்கமில்லை என்பதால் கோபம் வந்தது. சித்தப்பாவின் போனை வாங்கி உறவு ஏற்பாட்டு அலுவலரையே கூப்பிட்டார்.

அலுவலர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "உறவை முறிச்சுக்கலாம்மா, வழி இருக்கு. ஆனா காரணம் இல்லாம முறிக்க முடியாது. இரத்த பந்தம் இல்லையா?"

"என்ன இரத்த பந்தம்? வாடகை கொடுத்துத்தானே கூட்டிட்டு வந்தேன்?"

"விதிப்படி இரத்த பந்தம். ஒரு சாட்சி முன்னால முறையாச் சண்டை போடுங்க. காவலாளி கேட்டுட்டுச் சொன்னா நான் ரத்து பண்ணிடறேன்."

காவலாளி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சித்தப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். பழகிய வேலை.

"உன் கல்யாணத்துல என்னை எவன் மதிச்சான்? பந்தியில உட்கார்ந்தவனை எழுப்பி விட்டவங்கதானே நீங்க?"

காசாளர் அம்மா தலையைக் குனிந்துகொண்டார். "சரி, தப்புதான்," என்றார்.

"இது சண்டை இல்லையே," என்றார் காவலாளி.

"திருப்பிப் பேசும்மா," என்று சித்தப்பா மெதுவாக எடுத்துக் கொடுத்தார்.

காசாளர் அம்மா வாயைத் திறந்தார். "எங்க போறே, யாரோட போறே, எப்ப வருவேன்னு கேக்கறீங்களே, என்னிக்காவது சாப்பிட்டியான்னு கேட்டீங்களா?" என்றார். அவர் குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "சம்பளம் எவ்வளவுன்னு கேக்கத் தெரியுது. எனக்குத் தலைவலி வந்தா மட்டும், மாத்திரை எங்க இருக்குன்னு நானேதான் எனக்குச் சொல்லிக்கணும். காத்து வேணும்னு ஜன்னல்ல உட்கார்ந்தீங்க. எனக்கு மூச்சு இல்லையா? அப்பா செத்தப்போ வந்து வீட்டுப் பங்கைப் பத்திப் பேசினீங்க. அழக்கூட விடல. இவ்வளவு வருஷமா உங்க எல்லாருக்கும் காபி போட்டுக் கொடுத்தேனே, ஆறாம ஒரு டம்ளர் நான் குடிச்சிருக்கேனா?"

பேச்சை நிறுத்தியபோது மூச்சு வாங்கியது. காவலாளி எழுந்து நின்றுவிட்டிருந்தார். மழை விட்டிருந்தது.

சித்தப்பாவின் முகம் சிறுத்துப் போயிருந்தது. "இத்தனை நாளா மனசுல வெச்சிருந்தியாம்மா?" என்றார். பிறகு, வில்லையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, குடையை ஊன்றி இறங்கிப் போனார். அது தொழிலா நிஜமா என்று சொல்ல முடியவில்லை. காவலாளி போனில், "திருப்திகரமா இருந்துச்சு சார்," என்று தெரிவித்தார். உறவு ரத்தானது. இரும்புக் கதவு கிறீச்சிட்டுத் திறந்தது.

உச்சியில் ஒரு சிமெண்ட் பெஞ்சும் ஒரு ஒலிபெருக்கியும் இருந்தன. 'நீங்கள் இப்போது தனிமையில் இருக்கிறீர்கள். தனிமையை அமைதியாக அனுபவிக்கவும்,' என்று ஒலிபெருக்கி ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது. முதலில் மூடுபனி. பிறகு அது விலகி, நாலு பக்கமும் கடல். கேள்விப்பட்டது பொய்யில்லை. ஒலிபெருக்கியையும் மீறி நெஞ்சு விரிந்தது. கண் கலங்கியது. கொஞ்ச நேரம் அவருக்கு யாருமே இல்லை, அவரும் யாருக்கும் இல்லை.

அதற்கப்புறம் என்ன செய்வதென்று தெரியவில்லை.

தனியாக இருந்து பழக்கமில்லாத கை, பெஞ்சின் ஈரத்தைத் துடைத்தது. வீட்டில் மதியம் என்ன சாப்பிட்டிருப்பார்கள் என்று நினைத்தார். சித்தப்பாவிடம் அவ்வளவு பேசியிருக்க வேண்டாமோ என்றுகூடத் தோன்றியது. காவலாளி எட்டிப் பார்த்து, "போதுமாம்மா? உங்களாலதான் நான் இங்க ஓவர்டைம் பாக்கறேன்," என்றார். போதும் என்று எழுந்துவிட்டார்.

கீழே போகும் பேருந்தில் சித்தப்பா முன்சீட்டில் இருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. படகுத்துறையில் யாரும் தடுக்கவும் இல்லை. தீவை விட்டுப் போகிறவர்கள் விழுந்தால் அது கடல் துறையின் பொறுப்பு.

கடைசிப் படகில் காசாளர் அம்மாவுக்கு எதிர்ப்பலகையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கல்லூரி முடித்த வயது. மடியில் ஒரு பை, காற்றில் பறக்கும் முடி, அதை ஒதுக்கவும் தோன்றாமல் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் யாரும் இல்லை. காசாளர் அம்மா இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். படகு கிளம்பிக் கொஞ்ச தூரம் போகும்வரை பொறுத்தார். அதற்கு மேல் முடியவில்லை. எழுந்துபோய் அவள் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்தார்.

"என்னம்மா, தனியாவா வந்தே? வீட்ல யாரும் வரலையா?"

அந்தப் பெண் கடலிலிருந்து கண்ணை எடுத்து, அவருடைய சேலைத் தலைப்பில் வில்லை எங்கே என்று தேடினாள்.

"மன்னிச்சுக்கோங்க அத்தை," என்றாள். "நான் வாடகைக்கு எடுத்த உறவு கரையோட முடிஞ்சுது. இதுக்குத் தனியாக் காசு தர மாட்டேன்."