சவுரிராயனின் நொண்டிச்சாக்கு

செப்டம்பர் எட்டு முடிகிற வரைக்கும் தன் வலது முட்டி சரியாகவே கூடாது என்று திண்டிவனம் சவுரிராயன் ஒரு முடிவெடுத்தார். ஊரில் அவனவன் முட்டிவலி போனால் போதும் என்று தைலம் தேய்க்கிறான், பத்துப் போடுகிறான், பச்சிலை கட்டுகிறான். போன வலியை "வா ராசா, வா" என்று திரும்பக் கூப்பிட்ட ஒரே ஆள் இவர்தான். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. நடந்ததைக் கேட்டால் உங்கள் முட்டியும் லேசாக நடுங்கும்.

சவுரிராயனுக்கு மேம்பாலத்துப் பக்கம் பிளக்ஸ் பேனர் கடை. கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எதுவாக இருந்தாலும் அவர் அச்சடித்தால்தான் ஊருக்குத் தெரியும். நாள் பூரா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தே வேலை. அந்த உடம்பு அசைவது வாலிபால் ஒன்றுக்குத்தான். வயது நாற்பத்தெட்டு. நெட்டுப் பக்கம் போனால் தொப்பைதான் முதலில் போய்ச் சேரும், ஆள் பின்னால் வருவார். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் மாதா கோயில் மைதானத்தில் வேட்டியை அவிழ்த்து டவுசரோடு இறங்கிவிடுவார். ஈஸ்டர் முடிந்து ஒரு ஞாயிறு, எகிறி ஒரு ஸ்மாஷ் அடித்தார். பந்து நெட்டில். ஆள் மண்ணில். முட்டிக்குள்ளே 'டப்' என்று ஒரு சத்தம்.

மனைவி ஜெசிந்தா அவரை விழுப்புரத்துக்கு அழைத்துக்கொண்டு போய், பிசியோதெரபி பார்க்கும் சங்கவியிடம் காட்டினாள். சின்ன வயசுப் பெண். ஆனால் விரல் வைத்த இடத்தில் உண்மை வெளியே வந்துவிடும்.

"லிகமெண்ட் கொஞ்சம் இழுத்துக்கிச்சு சார். ஆபரேஷன்லாம் தேவையில்ல. வீக்கம் வத்தினதும் எக்சர்சைஸ் சொல்லித் தர்றேன். தொடைச் சதை பலமாச்சுன்னா முட்டி தானா நிக்கும்."

"மூட்டு எதுனா தேஞ்சிருக்குமாம்மா?" என்று கேட்டார் சவுரிராயன், பயந்த குரலில்.

"தேயல சார். மூட்டு நல்லாத்தான் இருக்குது."

"வீட்டுல ஒரு பாத்திரத்தைத் தேச்சிருந்தாதானே இவருகிட்ட எதுனா தேயறதுக்கு?" என்றாள் ஜெசிந்தா.

நியாயமாகச் சொல்லணும் என்றால், சவுரிராயன் சொன்னதைச் செய்தார். துண்டைச் சுருட்டி முட்டிக்கடியில் வைத்து அமுக்கினார். காலை நீட்டித் தூக்கினார். சுவரில் முதுகைச் சாய்த்து இல்லாத நாற்காலியில் உட்கார்ந்தார். ஜூலைக் கடைசியில் ஒரு காலை, கடை மாடிப்படியை ரெண்டு ரெண்டாகத் தாண்டி ஏறிப் பார்த்தார். துளி வலி இல்லை! சந்தோஷம் தாங்காமல் வீட்டுக்கே ஓடினார்.

"ஜெசி! வலி சுத்தமா போயிடுச்சிடி! இந்தா பாரு!" என்று சமையல்கட்டு வாசலில் குந்தி எழுந்து காட்டினார்.

ஜெசிந்தா கையிலிருந்த கரண்டியோடு சிலுவை போட்டுக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது. "மாதாவே, கேட்டுட்டியே தாயே! ஏங்க, உங்க முட்டி சரியாச்சின்னா உங்களை வேளாங்கண்ணிக்கு நடத்திக் கூட்டிக்கினு வர்றேன்னு வேண்டிக்கினேங்க!"

"நடத்தியா? இங்கேர்ந்தா?"

"பின்ன நாகப்பட்டினத்துல எறங்கியா நடப்பாங்க?"

"இருநூறு கிலோமீட்டரு வருமேடி!"

"வரட்டுமே. நாமதான் போறோம், அது இன்னாத்துக்கு வருது?"

"வேண்டிக்கினது நீ. நடக்கிறது நானா?"

"முட்டி யாருது?"

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"நீங்க ஐயோ அம்மான்னு கத்திக்கினு கெடந்தீங்க. கேட்டா பதில் சொல்ற நெலமையிலயா இருந்தீங்க? பயப்படாதீங்க, நானும் வர்றேன். கூடவே வர்றேன். வழி பூரா பேசிக்கினே போலாம்."

இருநூறு கிலோமீட்டரைக்கூட சவுரிராயன் தாங்கியிருப்பார். வழி பூரா பேசிக்கினே என்றதுதான் அவரை உலுக்கிவிட்டது. சட்டென்று முட்டியைப் பிடித்துக்கொண்டு வாசப்படியில் உட்கார்ந்தார்.

"இன்னாங்க ஆச்சி?"

"திரும்பி வந்துடுச்சிடி."

"எது?"

"வலி."

அப்போது பிறந்ததுதான் அந்த மகா முடிவு. கோயிலிலிருந்து நடைபயணக் கூட்டம் ஆகஸ்ட் கடைசியில் கிளம்பும். செப்டம்பர் எட்டு மாதா திருநாளுக்குப் போய்ச் சேரும். அதுவரைக்கும் நொண்டினால் போதும். அப்புறம் அடுத்த வருஷம். அடுத்த வருஷத்தை அடுத்த வருஷம் பார்த்துக்கலாம். நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு என்பார்கள். இந்தக் குதிரை சறுக்கவே இல்லை, சாக்கை மட்டும் தயாராக வைத்துக்கொண்டது.

அன்றிலிருந்து சவுரிராயன் நொண்டிய நொண்டலை நீங்கள் பார்த்திருக்கணும். கட்டிலிலிருந்து கக்கூசுக்குப் போக ஒரு "அப்பா", திரும்பி வர ஒரு "அம்மா". ஜெசிந்தா சந்தேகப்பட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. தினமும் ஆட்டுக்கால் சூப்பு வைத்துக் கொடுத்தாள். மிளகு தூக்கலாக, சின்ன வெங்காயம் தட்டிப் போட்டு. சூப்பு உள்ளே போகப் போக சவுரிராயனுக்கு நடிப்பில் ருசி கூடிக்கொண்டே போனது. தண்ணி கேன் தூக்குவது, கேஸ் சிலிண்டர் உருட்டுவது, ஒட்டடை அடிப்பது எல்லாம் ஜெசிந்தா தலையில். "நீங்க அசையாதீங்க, நான் பாத்துக்கிறேன்" என்று அவள் சொல்லும்போது மட்டும் மனசில் ஒரு மூலையில் முள் குத்தும். இன்னொரு மடக்கு சூப்பு குடித்தால் அதுவும் சரியாகிவிடும்.

ஒரே ஒரு ஆபத்து, விழுப்புரம் சங்கவி. ஆகஸ்ட் முதல் வாரம் ஜெசிந்தா அவரை அங்கே இழுத்துக்கொண்டு போனாள். மேசையில் ஏறிப் படுத்தார். சங்கவி கையைக் கொண்டுவந்தாள்.

"ஆஆ!"

"சார், நான் இன்னும் தொடவே இல்ல."

"தொடப் போறீங்கன்னு முட்டிக்குத் தெரிஞ்சிடுச்சிம்மா."

சங்கவி கரண்ட் வைக்கிற மிஷினின் பட்டைகளை முட்டியில் ஒட்டினாள். சவுரிராயன் துள்ளினார், துடித்தார், சேசுவே மரியே என்றார்.

"சார்."

"சொல்லும்மா."

"சுவிட்சே போடல சார்."

ஜெசிந்தா பூ வாங்க வெளியே போயிருந்தாள். இதுதான் சமயம் என்று சவுரிராயன் எழுந்து உட்கார்ந்து கை கூப்பிவிட்டார். வேண்டுதலையும் சொன்னார், வேண்டாததையும் சொன்னார். "செப்டம்பர் வரைக்கும் சரியாவலன்னு மட்டும் சொல்லும்மா, உனக்குப் புண்ணியமாப் போவும்!"

சங்கவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "சார், உங்க முட்டி இப்ப நல்ல பலமா இருக்குது. நீங்க குதிக்கலாம், ஓடலாம். தினம் கொஞ்சம் கொஞ்சமா பழகினா நடந்தே போலாம், ஒடம்புக்கு நல்லதுதான். என்னால பொய் சொல்ல முடியாது. ஆனா அவங்க கேக்காம நானா போயும் சொல்ல மாட்டேன்."

ஜெசிந்தா பூவோடு வந்தாள். சவுரிராயன் மூச்சைப் பிடித்துக்கொண்டார். அவள் சங்கவியிடம் ஒன்றுமே கேட்கவில்லை. "வர்றோம்மா" என்று ஒரு முழம் மல்லியைக் கிள்ளி அவளிடம் கொடுத்துவிட்டுப் புருசன் தோளைத் தாங்கிக்கொண்டாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, நம்மை மிஞ்ச இந்த ஜில்லாவில் ஆளில்லை என்று சவுரிராயன் மீசையைத் தடவிக்கொண்டார்.

ஆகஸ்ட் பதினைந்து வந்தது. சுதந்திர தினமும் மாதா விண்ணேற்புத் திருநாளும் ஒரே நாள். வருஷா வருஷம் அன்றைக்குக் கோயில் மைதானத்தில் திண்டிவனத்துக்கும் கூட்டேரிப்பட்டுக்கும் வாலிபால். கூட்டேரிப்பட்டு டீமுக்குக் கேப்டன் வேறு யாருமில்லை, ஜெசிந்தாவின் அண்ணன் சகாயராஜ். கை ரெண்டும் உலக்கை. பின்னால் நின்றால் எந்தப் பந்தையும் கீழே விட மாட்டார். கல்யாணமான நாளிலிருந்து சவுரிராயன் அடித்த ஸ்மாஷ் ஒன்றுகூட மச்சானைத் தாண்டியதில்லை. தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் விருந்துக்குப் போனால், சோறு போட்டுக்கொண்டே "இன்னா மாப்ளே, பந்து வரும்னு இன்னும் காத்துக்கினு இருக்கறேன்" என்பார். கறி தொண்டையில் நிற்கும்.

"நீங்க வீட்டுலயே இருங்க, கூட்டத்துல யாருனா இடிச்சிடப் போறாங்க" என்றாள் ஜெசிந்தா.

"ச்சே, பாக்கறதுக்கு இன்னா? உக்காந்துதானே பாக்கப் போறேன்" என்று சவுரிராயன் முட்டிக்கு உறை மாட்டிக்கொண்டார்.

கோட்டுக்குப் பக்கத்திலேயே பிளாஸ்டிக் சேர் போட்டு, காலுக்கு ஒரு முக்காலியும் போட்டு உட்கார வைத்தாள். ஆட்டம் அனல் பறந்தது. ஆளுக்கு ரெண்டு செட். கடைசி செட்டில் திண்டிவனத்துக்கு இன்னும் ஒரே ஒரு பாயிண்ட் தேவை. அந்த நேரம் பார்த்து, திண்டிவனத்தின் ஸ்மாஷ் அடிக்கிற இனியவன் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு "ஐயோ" என்று உட்கார்ந்தான். சதை பிடித்துக்கொண்டதாம். மாற்று ஆள் இல்லை.

நெட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சகாயராஜ் குரல் கொடுத்தார். "இன்னா மாப்ளே, சேர் சௌகரியமா இருக்குதா? டீ எதுனா சொல்லட்டா?"

ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது. சவுரிராயனுக்குக் காது சூடானது. வேளாங்கண்ணி மறந்தது. சூப்பு மறந்தது. முக்காலியை ஒரு உதை விட்டார். "உடுறா என்னை!" என்று ஒருத்தரும் பிடிக்காதபோதே உதறிக்கொண்டு கோட்டுக்குள் பாய்ந்தார்.

பந்து வந்தது. எடுத்தார்கள், தூக்கிக் கொடுத்தார்கள். சவுரிராயன் மூன்று எட்டு ஓடி எகிறினார். எகிறினார் என்றால், தொப்பை, முட்டியுறை, நாற்பத்தெட்டு வயசு எல்லாவற்றையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு எகிறினார். விட்டார் ஒரு அறை! பந்து நேராக சகாயராஜின் முன்னால் விழுந்து, அவர் காலுக்குப் பக்கத்தில் மண்ணைக் கிளப்பிக்கொண்டு போனது. மச்சான் மரமாட்டம் நின்றார்.

மைதானமே ஓவென்று கத்தியது. சவுரிராயன் ஓடினார். குதித்தார். ரெண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஒரு சுற்று ஆடினார். ஆடி முடித்துத் திரும்பினால், எதிரில் ஜெசிந்தா முழங்காலில் நிற்கிறாள்.

"புதுமை! மாதா பண்ண புதுமை! நடக்க முடியாத மனுசன் பறக்கிறாரு பாருங்க!"

கூட்டம் "மரியே வாழ்க" என்று முழங்கியது. ஃபாதரே வந்து நெற்றியில் சிலுவை போட்டு, நடைபயணத்தில் முன்னால் கொடி பிடித்துப் போகிற பாக்கியம் உனக்குத்தான் என்று சொல்லிவிட்டார். நாடு சுதந்திரம் வாங்கின நாளில் சவுரிராயன் அதைப் பறிகொடுத்தார்.

வெளியே வந்தால் கோயில் கேட்டில் பெரிய பேனர். அவருடைய போட்டோ. 'மாதா அருளால் முடவன் நடக்கிறான்! திண்டிவனம் முதல் வேளாங்கண்ணி வரை!' பிளக்ஸ்காரர் மூக்கு சும்மா இருக்குமா? மோந்து பார்த்தார். மை வாசனை துளிகூட இல்லை. காய்ந்து ஒரு நாளாவது ஆகியிருக்கணும்.

"ஜெசி, இதை எப்ப அடிச்ச?"

"நேத்து. நீங்க சூப்பு குடிச்சிட்டுத் தூங்கினீங்களே, அப்ப."

"நேத்தே எப்பிடிடி தெரியும், நான் எறங்கி ஆடுவேன்னு?"

"சங்கவிகிட்ட அன்னிக்கே போன்ல கேட்டுட்டேன், பஸ்ஸுல உங்க பக்கத்து சீட்டுலேர்ந்தே மெசேஜு. குதிக்கலாமான்னு கேட்டேன், தாராளமான்னாங்க."

"அப்ப இனியவன் காலு?"

"அவன் காலுக்கு இன்னா? அதோ போண்டா துன்னுக்கினு நிக்கறான். வலிக்குதுன்னு கத்த உங்களுக்கு மட்டுந்தான் தெரியுமா?"

சவுரிராயன் பேனரையே பார்த்துக்கொண்டு நின்றார். போட்டோ நன்றாகத்தான் வந்திருந்தது.

ஆகஸ்ட் கடைசியில் கிளம்பிவிட்டார்கள். காவி வேட்டி, கையில் கொடி. சங்கவி சொன்னபடி முன்கூட்டியே தினமும் நடந்து பழகியிருந்ததால் முட்டி ஒரு முனகல்கூட முனகவில்லை. கிளியனூரில் மோர் கொடுத்தார்கள், புதுச்சேரியில் பொங்கல் கொடுத்தார்கள். பேச்சு மட்டும் ஜெசிந்தா பேசவில்லை, அவர்தான் பேசினார். அந்த ஸ்மாஷைப் பற்றி. கூட வந்தவர்களிடம் சொன்னார், மோர் ஊற்றினவர்களிடம் சொன்னார், கடலூர் பாலத்தில் எதிரே வந்த ஆட்டுக்காரரை நிறுத்தியும் சொன்னார். முகம் அப்படியே விளக்கு ஏற்றினது மாதிரி இருந்தது. இவ்வளவு சந்தோஷமாக அவரைப் பார்த்து எத்தனை நாளாச்சு என்று ஜெசிந்தாவும் சிரித்துக்கொண்டே கேட்டு வந்தாள்.

சிதம்பரத்தைத் தாண்டி ஒரு புளியமர நிழலில் உட்கார்ந்தார்கள். சவுரிராயன் காலை நீட்டிக்கொண்டு பெருமூச்சு விட்டார்.

"நீ என்னை ஏமாத்திட்ட ஜெசி, ஒத்துக்கறேன். சங்கவி உன் கட்சி, இனியவன் உன் கட்சி. போவட்டும். ஆனா அந்த அடி இருக்குதே, அது என்னுது. உங்க அண்ணன் அப்பிடியே மலைச்சிப்போய் நின்னாரு பாத்தியா? அதை மட்டும் யாராலயும் எங்கிட்டேர்ந்து புடுங்க முடியாது."

ஜெசிந்தா தண்ணி பாட்டிலைத் திறந்து அவரிடம் நீட்டினாள். பாவம், சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தாள். அதற்குள் அவர் பக்கத்து மரத்தடிக் கூட்டத்தைப் பார்த்து, "அண்ணே, அன்னிக்கு மேட்சுல இன்னா நடந்ததுன்னா..." என்று ஆரம்பித்துவிட்டார்.

"சும்மா இருங்க" என்று வேட்டியைப் பிடித்து இழுத்தாள். "வர்ற பந்தை எடுக்காம நில்லுண்ணான்னு எங்க அண்ணனை ஒத்துக்க வெக்கறதுக்குள்ளதாங்க எனக்குத் தாவு தீந்துபோச்சி."