போகியன்று நான் கழித்த பழைய பைதான்

ஐந்தாவதுக்கு மேல் படிக்காதவனுக்கு ஒரு வசதி உண்டு. எந்த மெஷினைக் கண்டாலும் கை கூசாது. அந்த வசதியால் ஒருமுறை என் மருமகளின் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

மில்லில் பஞ்சு கூட்டிய கை இது. இன்றைக்கு முதலியார்பேட்டையில் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறையும், அதன்மேல் சொந்த வீடும் இருக்கின்றன. நான் கட்டிய மோட்டார் புகையாது என்று பாகூர்ப் பக்கத்து விவசாயிகள் சொல்வார்கள். பட்டறையில் கரண்ட் திமுதிமுவென்று வரும். அவர்கள் வயல்கொல்லையில் அழுதுகொண்டே வரும். அதனால் கரண்டைக் குறைத்து வைத்துத்தான் மோட்டாரை ஓட்டிப் பார்த்துக் கொடுப்பேன். (இந்த மூளை எந்த இன்ஜினீயருக்கு வரும்?)

மருமகள் சுகந்தி வீட்டிலிருந்தே பிரான்சுக் கம்பெனி ஒன்றுக்குப் புரோகிராம் எழுதுகிறாள். அப்போது தற்காலிக வேலைதான். போகியன்று மத்தியானம் இரண்டரைக்கு அவர்கள் பார்க்க ஓட்டிக் காட்ட வேண்டும். தேறினால் நிரந்தரம். அவர்களுக்கு ஏது போகி?

எங்கள் வீட்டில் போகி என் இலாகா. கிழிந்த பாய், தேய்ந்த துடைப்பம், என் மனைவி ஒளித்து வைத்திருந்த ஓட்டை முறம் வரை காலையிலேயே வெளியே போய்விட்டன. மனைவியும் மருமகளும் கரும்பு வாங்கப் பெரிய மார்க்கெட்டுக்குப் போயிருந்தார்கள். சுகந்தியின் லேப்டாப் திறந்தபடி கிடந்தது. பட்டறைக் கம்ப்யூட்டரில் ஆட்கள் ஏற்றி வைக்கும் விளையாட்டுகளை நீக்கிப் பழகியவன் நான். இதிலும் பட்டியலைத் திறந்தேன். பைதான் என்ற பெயரில் இரண்டு இருந்தன. (அவள் புரோகிராமை ஓட்டுவதே அதுதான் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.) ஒன்று பழைய நம்பர், இன்னொன்று புது நம்பர். போகியன்று வீட்டில் பழசு இருக்கலாமா? அமுக்கினேன். போய்விட்டது. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒன்றரைக்குச் சுகந்தி ஒத்திகை பார்த்தாள். ஒரே ஒரு சிவப்பு வரி வந்து நின்றது.

“மாமா, லேப்டாப்ப தொட்டீங்களா?”

“தொடலம்மா. சுத்தம் பண்ணேன்.”

“என்னத்த?”

“ரெண்டு பைதான் இருந்துது. பழசக் கழிச்சிட்டேன். புதுசு பத்திரமா இருக்குது.”

சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. “மொறத்தோட நிறுத்திக்கினாருன்னு நெனச்சேன்.”

சுகந்தி அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. பழையதை மறுபடி இறக்க ஆரம்பித்தாள். நெட் ஊர்ந்தது.

“புதுசுலயே ஓட்டிக் காட்டேம்மா. இன்னும் ஜோரா ஓடுமே” என்றேன். (வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.)

“அவங்க மெஷின்ல பழசுதான் மாமா இருக்குது. இங்க புதுசுல தேறிட்டு அங்க போயி பல்ல காட்டுனா? நீங்க எதுக்குக் கரண்ட கொறச்சி வச்சி மோட்டார ஓட்டிப் பாக்குறீங்க? அதேதான்.”

என் தொழிலை எனக்கே சொல்லிக் கொடுத்தாள்.

பிறகு அந்தச் சிவப்பு வரியைக் காட்டினாள். “இது என் ஷெல் ஸ்கிரிப்ட் சொல்றது. என்னென்ன செய்யணும்னு வரிசையா எழுதி வச்ச சீட்டு மாதிரி. டெஸ்ட்ட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எந்த பைதான்னு கேக்கும். நம்பர் தப்புன்னா ஓடாது.”

“கேக்கலன்னா?”

“இருக்கறத எடுத்து ஓட்டியிருக்கும். எல்லாம் சரின்னு பச்சையா வந்திருக்கும். நானும் நம்பியிருப்பேன்.”

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நாற்பது வருஷமாக ஒவ்வொரு மோட்டாருக்கும் மறக்காமல் மீட்டர் பார்ப்பவன் என்று ஊரெல்லாம் பீற்றியிருக்கிறேன். (மறந்த நாட்களும் உண்டு. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.) இங்கே அந்தச் சீட்டில் நாலே நாலு வரி, அதற்குக் கையில்லை, காலில்லை, சம்பளமில்லை. ஆனாலும் வாசலில் நின்று நீ யார் என்று கேட்டிருக்கிறது. வீட்டுக்குப் பெரியவர் செய்த காரியம் என்று எனக்காகக் கண்ணை மூடிக்கொள்ளவும் இல்லை.

இரண்டு இருபதுக்குப் பழைய பைதான் வந்து சேர்ந்தது. ஓட்டினாள். அந்தச் சீட்டு நம்பரைக் கேட்டது; திருப்திப்பட்டது; அதன் பிறகுதான் வேலையைத் தொட்டது. பச்சைப் புள்ளிகள் ஒவ்வொன்றாக ஏறி, யாரோ அகல் ஏற்றிக்கொண்டே போவதுபோலத் திரையை நிறைத்தன. மோட்டார் முதன்முதலாகத் தண்ணீரைத் தூக்கும்போது விவசாயி நிற்பானே, அப்படி வாயைத் திறந்துகொண்டு நின்றேன்.

பிரான்சுக்காரர்களிடம் அவள் பேசும்போது கதவுக்குப் பின்னால் இருந்தேன். ஒருவர் ஏதோ கேட்டார். சுகந்தி என் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுப் பதில் சொல்ல, அந்தப் பக்கம் எல்லோரும் சிரித்தார்கள்.

“என்னம்மா கேட்டாரு?” என்றேன், எல்லாம் முடிந்த பிறகு.

“சரியான பைதான் இல்லன்னா நெஜமாவே நின்னுடுமா, செக் பண்ணியான்னு கேட்டாரு. இன்னிக்குக் காலைலதான் எங்க மாமா செக் பண்ணாருன்னு சொன்னேன்.”

வேலை நிரந்தரமாயிற்று. அந்தச் சிவப்பு வரியை மட்டும் அவள் மாற்றிவிட்டாள். இப்போது நம்பர் தப்பானால், ‘பழைய பைதானைக் காணோம், மாமாவைக் கேட்கவும்’ என்று இங்கிலீஷில் வரும். அப்படியே அந்தக் கம்பெனிக்கும் போய்விட்டது. புதிதாகச் சேர்ந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, மாமா என்பவர் எந்தப் பிரிவு அதிகாரி என்று கடிதமே போட்டுவிட்டாராம். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் என் மகன் இதைச் சொல்ல, பந்தியில் எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பிரான்சில் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால் என்னைக் கேட்கச் சொல்கிறது. எங்கள் தெருவில் வேறு யாருக்கு அந்த மரியாதை உண்டு, சொல்லுங்கள்.