என் இடது தோளில் வராத வலி

இனிமேல் கத்துகிறவன் நானாக இருக்க வேண்டும்; துடைப்பம் பிடிக்கிறவள் அவளாக இருக்க வேண்டும். நவம்பர் மாதம், மாலை ஐந்தரைக்கே இருட்டிவிட்ட ஒரு நாளில், கார் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டிக்கொண்டே இந்த முடிவை எடுத்தேன். எங்கள் ஊரில் நவம்பரில் எடுத்த முடிவு எதுவும் உருப்பட்டதில்லை. என் கல்யாணம்கூட நவம்பரில் நிச்சயமானதுதான்.

என் பெயர் ஓரெஸ்ட். சஸ்காட்செவானில் கோதுமை வயல்களுக்கு நடுவே க்ளேஹில் என்று ஓர் ஊர். ஆறு மாதம் குளிர், மிச்ச ஆறு மாதம் அடுத்த குளிரைப் பற்றிய கவலை. அதனால் கர்லிங் ஆடுகிறோம். ஒரு பன்றிக்குட்டி கனமுள்ள கருங்கல்லைப் பனித்தரையில் வழுக்கிவிட வேண்டும். அது மறுமுனையில் போட்டிருக்கும் வட்டத்துக்குள் போய் நிற்க வேண்டும். கல்லுக்கு முன்னால் இரண்டு பேர் துடைப்பத்தால் பனியைத் தேய்த்துக்கொண்டே ஓடினால் கல் இன்னும் கொஞ்ச தூரம் போகும். வட்டத்தில் நின்றுகொண்டு "தேய்! தேய்!" என்று கத்துகிறவர் கேப்டன். எங்கள் அணிக்குக் கேப்டன் என் மனைவி வெர்னா. தேய்கிறவன் நான். தேய்க்கிறவன் என்றுதான் எழுத வந்தேன். கை தானாக உண்மையை எழுதிவிட்டது.

வெர்னா வீட்டில் கத்தவே மாட்டாள். வீட்டில் ஒரு பார்வை போதும். கத்தலை எல்லாம் வாரம் முழுக்கச் சேர்த்துவைத்து வியாழக்கிழமை பனித்தரையில் கொட்டுவாள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஊரே பீர் குடித்துக்கொண்டு கேட்கும். "ஓரெஸ்ட், தேய்! தூங்கிட்டியா, மனுஷா? தேய்!" தபாலாபீஸ் பெண்மணிகூட இப்போது எனக்கு வணக்கம் சொல்வதில்லை. "என்ன, தேய் ஓரெஸ்ட்!" என்கிறாள்.

எனக்கு ஐம்பத்தெட்டு வயது. இந்த வயதில் பெரிய ஆசை ஒன்றும் மிச்சமில்லை. பிப்ரவரியில் நடக்கும் ஊர்ப் போட்டியில், ஒரே ஒரு தடவை, நான் வட்டத்தில் கேப்டனாக நிற்க வேண்டும். அதை ஊர் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். ஆசை சின்னதாக இருந்தால் ஏமாற்றமும் சின்னதாக இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வழி ஒன்று இருந்தது. எங்கள் கர்லிங் சங்கத்தில் கை கெட்டுப்போனவரைத் தேய்க்கச் சொல்ல மாட்டார்கள். கேப்டன் இடத்தில் நிறுத்திவிடுவார்கள். கேப்டனுக்கு வாய் வேலைதானே. ஆக, எனக்குத் தேவை ஒரு தோள் வலி. கல்லை வழுக்கிவிடுவது வலது கை என்பதால், வலியை இடது தோளுக்குக் கொடுத்தேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். மெச்ச வேறு ஆள் இல்லை.

வெர்னா அடுப்படியில் முட்டைக்கோஸ் இலையில் அரிசியும் இறைச்சியும் வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள். நான் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன்.

"வெர்னா, தோள் போச்சு."

"எங்க போச்சு?"

"வலிக்குதுன்னு சொல்றேன்."

"எந்தத் தோள்?"

"இடது."

"ஏன் வலதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறே?"

கையை மாற்றினேன். "வலியில ஒண்ணும் புரியல. தேய்ச்சுத் தேய்ச்சே போச்சு. இனிமே தொடப்பம் பிடிக்க முடியாது போல."

அவள் ஓர் இலையைச் சுருட்டி முடித்தாள். இன்னோர் இலையை எடுத்தாள். "சரி. நீ கேப்டனா நில்லு. நான் தேய்க்கறேன்."

இவ்வளவு சுலபமாகவா? அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். சந்தோஷத்தில் வரவில்லை.

"ஆனா ட்ரூடிகிட்ட போகணும். தோள் சரியாகிற அன்னைக்குத் தொடப்பம் உன் கைக்கு வந்துடணும். சம்மதமா?"

எங்கள் ஊரில் ஆண்கள் வைத்தியரிடம் போவதில்லை. டிராக்டரே மேலே ஏறினாலும் "லேசான சிராய்ப்பு" என்று எழுந்து போய்விடுவார்கள். ஆனால் கேப்டன் பதவி என்றால் சும்மாவா? சம்மதித்தேன்.

ட்ரூடி ஃப்ரீசன் ஆஸ்டியோபதி வைத்தியம் செய்பவள். ஊசி கிடையாது, மாத்திரை கிடையாது. கையாலேயே எலும்பையும் மூட்டையும் தடவி, அழுத்தி, அதது இருக்க வேண்டிய இடத்துக்கு அனுப்பிவைப்பாள். தசை இறுகிப்போன இடத்தை எஃகுத் தகடுகளால் தேய்ப்பாள். அவளிடம் காலை இழுத்துக்கொண்டு போன ஹாக்கி ஆட்டக்காரர்கள் ஓடியே வந்திருக்கிறார்கள். பயத்தில் ஓடினார்களா, குணமாகி ஓடினார்களா என்று எனக்கு அப்போது தெரியாது.

என்னைச் சட்டையைக் கழற்றிப் படுக்கச் சொன்னாள். வெர்னா மூலை நாற்காலியில் உட்கார்ந்து பத்திரிகையைப் பிரித்தாள். ட்ரூடி களிம்பு தடவி ஒரு தகட்டை எடுத்தாள். வெண்ணெய் தடவும் கத்திக்குப் பெரியண்ணன் மாதிரி இருந்தது.

"ஆ!" என்றேன்.

"நான் இன்னும் தொடவே இல்லையே, ஓரெஸ்ட்."

தொட்டாள். தகடு இடது தோளில் சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. மேலும் கீழும் இழுத்துப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். பிறகு, என்ன நினைத்தாளோ, தகட்டை வலது தோளுக்குக் கொண்டுபோனாள். கரகரவென்று ஒரு சத்தம் எனக்கே கேட்டது.

"அடேயப்பா! இங்க ஜல்லி கொட்டியிருக்கே!"

இந்த முறை நான் போட்ட "ஆ" அசல்.

"ட்ரூடி, வலி இடதுல," என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"வலிக்கிற இடம் ஒண்ணு, கோளாறு இருக்கிற இடம் இன்னொண்ணு. எங்க வைத்தியத்துல முழு உடம்பையும்தான் பார்ப்போம். விலா இறுகிக் கெடக்கு. இடுப்பு ஒரு பக்கமா சாஞ்சிருக்கு."

வெர்னா பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எங்க வீட்டு சோபா இருக்கிற பக்கமாத்தான் சாஞ்சிருக்கும்."

கிளம்பும் நேரத்தில் காரைச் சூடாக்க வெர்னா முன்னால் போனாள். ட்ரூடி என் காதருகே குனிந்தாள்.

"இந்த எஃகுக்குப் பொய் சொல்லத் தெரியாது. உன் இடது தோள் பச்சைக்குழந்தை தோள் மாதிரி இருக்கு."

"வெர்னாகிட்ட சொல்லிடாதே, ட்ரூடி. பிப்ரவரி வரைக்கும்தான்."

"நோயாளி விஷயம் வெளியே போகாது. ஆனா வலிக்குதுன்னு நீ வந்தா, கெட்டிருக்கிற இடத்தை நான் தேய்ப்பேன். அது என் தொழில்."

அப்படி ஆரம்பித்தது என் சனி. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் வெர்னாவே கொண்டுபோய் விடுவாள். "தோள் எப்படி இருக்கு?" என்று ட்ரூடி கேட்பாள். சரியாகிவிட்டது என்றால் பதவி போய்விடும். வலிக்கிறது என்றால் தோல் போய்விடும். "வலிக்குது" என்பேன். கரகர. முதுகு பீட்ரூட் சூப் நிறத்துக்கு வந்தது. துடைப்பத்திலிருந்து தப்பித்தவனை எஃகால் தேய்த்தார்கள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி வேறு யாருமில்லை, நான்தான்.

இன்னொரு கொடுமையும் நடந்தது. என் வலது கை மேலே போக ஆரம்பித்தது. வெகுநாளாக எட்டாத மேல் அலமாரி எட்டியது. சட்டை போடும்போது முனகல் வரவில்லை. இல்லாத வலியை இருப்பதாகச் சொன்னவன், வந்த குணத்தை வரவில்லை என்று மறைக்க வேண்டியதாகிவிட்டது. ஆளில்லாத நேரம் பார்த்து மேல் அலமாரியைத் தொட்டுப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொள்வேன்.

சரி, கேப்டனாக நின்றேனே, அதாவது இனித்ததா? அதையும் கேளுங்கள். கேப்டன் வேலை என்பது குளிரில் தனியாக நிற்கிற வேலை. மற்ற மூன்று பேரும் அந்தக் கோடியில். வெர்னா, பக்கத்து வீட்டு வில்ஃப், அவன் மனைவி இர்மா. அங்கே ஏதோ சொல்லிச் சிரிப்பார்கள். எனக்குக் கேட்காது. நான் "தேய்!" என்று கத்தினால் குரல் நடுவில் உடையும். வில்ஃப் வெர்னாவைப் பார்ப்பான். அவள் தலையசைத்தால்தான் துடைப்பத்தை எடுப்பான். தேய்க்கிற காலத்தில் உடம்பாவது சூடாக இருந்தது. பக்கத்தில் மூச்சிரைக்க ஒரு சிநேகிதன் ஓடிவந்தான். ஒரு நாள் அந்த வட்டத்தில் நின்றபோது அழுகையே வந்தது. கண்ணீர் உறைந்துவிடும் என்று அழவில்லை. ஆனாலும் பதவியை விடவில்லை. இத்தனை தோலைக் கொடுத்து வாங்கிய பதவி.

பிப்ரவரி வந்தது. எப்படியோ இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டோம். கண்ணாடிக்குப் பின்னால் ஊரே உட்கார்ந்திருந்தது. முன்வரிசையில் ட்ரூடி. இரண்டு பக்கமும் சம புள்ளி. எங்களுக்கு ஒரே ஒரு கல் மிச்சம். அதை வெர்னா விட வேண்டும். வட்டத்துக்குள் எதிரணியின் கல் ஒன்று நிற்கிறது. அதைவிட நடுவுக்கு நெருக்கமாக எங்கள் கல் வந்து நின்றால் கோப்பை எங்களுக்கு. நான் துடைப்பத்தை நட்டு இலக்குக் காட்டிக்கொண்டு நின்றேன். நெஞ்சு நிமிர்ந்திருந்தது. தபாலாபீஸ் பெண்மணி பார்க்கிறாளா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டேன். பார்த்தாள்.

வெர்னா கல்லை விட்டாள். வில்ஃபும் இர்மாவும் தேய்த்துக்கொண்டு வந்தார்கள். பாதி தாண்டியதும் வில்ஃபுக்கு மூச்சு வாங்கியது. வட்டத்தை நெருங்கும்போது கல் மெதுவாகிறது போலத் தெரிந்தது. நான் கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் அந்தக் கோடியிலிருந்து இடி இறங்கியது.

"ஓரெஸ்ட்! தேய்!"

கல்யாணமான நாளாகக் கேட்ட குரல். என்னைக் கேட்காமலே என் கால் ஓடியது. வில்ஃபைத் தள்ளிவிட்டுக் கல்லுக்கு முன்னால் குனிந்தேன். இரண்டு தோளையும் கொடுத்துப் பேய் பிடித்தவன் மாதிரி தேய்த்தேன். இருபது வயதில்கூட அப்படித் தேய்த்ததில்லை. கல் வட்டத்துக்குள் ஏறியது. நின்றது. எங்கள் கல்தான் நெருக்கம். ஊர் எழுந்து கத்தியது. ட்ரூடி மேசையைத் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் என் இடது கை துடைப்பத்தை எவ்வளவு அழகாகப் பிடித்திருக்கிறது என்று பார்த்தேன். வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. அந்தச் சந்தோஷம்தான் அதைவிட வெட்கமாக இருந்தது.

ஜெயித்தவர்கள் தோற்றவர்களுக்கு முதல் பீர் வாங்கித்தர வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அதை முடித்துவிட்டு வெர்னா பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன்.

"அந்த அவசரத்துல வலியே தெரியல, வெர்னா."

"இல்லாத வலி எப்படித் தெரியும்?"

டம்ளரைக் கீழே வைத்தேன். "ட்ரூடி சொல்லிட்டாளா?"

"அவ வாயைத் திறப்பாளா? நீதான் சொன்னே. அந்த இடது தோள் மேலயே சாஞ்சு படுத்து விடிய விடியக் குறட்டை விடுறியே. வலிக்கிற தோள் மேல எந்த மனுஷன் படுப்பான்?"

"அப்ப... நவம்பர்லயே தெரியுமா?"

"முதல் நாளே."

"அப்புறம் எதுக்கு வாரா வாரம் அவகிட்ட கொண்டுபோய்ப் போட்டே?"

"உன் வலது கை ரெண்டு வருஷமா மேல எழும்பல. ட்ரூடிகிட்ட போ, ட்ரூடிகிட்ட போன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். சிராய்ப்புன்னே, தூக்கத்துல சுளுக்கிச்சுன்னே. அப்புறம் நீயே வந்து தோள் வலின்னு நின்னே. எந்தத் தோளா இருந்தா எனக்கென்ன? உன்னை அந்த மேசை மேல ஏத்தணும், அவ்வளவுதான்."

மெல்லக் கேட்டேன். "கடைசிக் கல்லையாவது நான்தானே கொண்டு சேர்த்தேன்?"

"அது தானாவே வந்திருக்கும். நீ தேய்ச்சதுல நடுவை விட்டு ஒரு முழம் தள்ளிப் போயிடுச்சு."

"பின்னே ஏன் கத்தினே?"

"கை எந்த அளவுக்குத் தேறியிருக்குன்னு பார்க்க வேண்டாமா?"

வெர்னா பீரைக் குடித்து முடித்தாள். கோட்டை மாட்டிக்கொண்டாள். என் தொப்பியை எடுத்து என் தலையில் அவளே வைத்துக் காது வரைக்கும் இழுத்துவிட்டாள்.

"வியாழக்கிழமை தொடப்பத்துக்கு வந்துடு. அப்புறம், படி ஏறும்போது உன் முழங்கால் நொடிக்குது. செவ்வாய்க்கிழமை ட்ரூடிகிட்ட நேரம் வாங்கியாச்சு. அதுக்கு என்ன கதைன்னு மட்டும் நீ யோசிச்சு வச்சுக்க."