மீதி சாருக்கு வந்த பதில்

காவிரிக்கு அந்தக் கரையிலும் இந்தக் கரையிலும் சல்லடை போட்டுத் தேடினாலும், ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஐரோப்பிய இசைக்குத் தொடையில் தட்டி ஆதி தாளம் போட்டவர் இன்னொருவர் கிடைக்கமாட்டார். சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் எங்கள் ஆபீஸ். அவருக்கு அடுத்த நாற்காலி என்னுடையது. பெயர் ஏதோ இருந்தது. எங்களுக்கெல்லாம் அவர் மீதி சார்.

ஸ்ரீரங்கத்துக்காரர். காலையில் கேட்க வீணை தேடி இன்டர்நெட்டில் இறங்கியவர், எப்படியோ லூட் என்ற பழைய ஐரோப்பியத் தந்தி வாத்தியத்தில் போய் விழுந்தார். பாதியாக வெட்டிய பப்பாளிக்குக் கழுத்து வைத்தது போல இருக்கும். யாரோ ஒரு வெள்ளைக்கார வாத்தியார் அதைத் தன் வீட்டில் வாசித்து, யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம் என்று போட்டிருந்தார். மத்தியானம் தயிர்சாதத்தோடு ஒரு இயர்போன் அவர் காதில், இன்னொன்று என் காதில்.

சிக்கல் என்னவென்றால், ஒவ்வொன்றும் இரண்டே நிமிஷம். இவரோ மூன்று மணி நேரக் கச்சேரி கேட்டு வளர்ந்த மனிதர். தாளத்துக்குத் தூக்கிய கை அந்தரத்தில் நிற்கும்.

"ஆலாபனை ஆச்சு. கீர்த்தனை எங்கே?" என்பார்.

டவுன்லோடுதான் பாதியில் நின்றுவிட்டது என்று ஒரே பாட்டைப் பதினோரு தடவை இறக்கினார். எடமலைப்பட்டி புதூரிலிருந்து வரும் கம்ப்யூட்டர் ஆளைக் கூப்பிட்டு வயரை மாற்றச் சொன்னார். வீட்டுக் கொலுவில் போட்டுக் காட்டியபோது இன்னும் மோசம். வந்திருந்த மாமிகள் அத்தனை பேரும், இனிமேல்தான் பாட்டு என்று சுண்டலைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்களாம். அதோடு, மீதி உண்டா என்று அவருக்கு இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் போய்விட்டது.

ஆபீசே சிரித்தது, நானும்தான். ஒருநாள் பார்த்தால் அவர் கண் கலங்கியிருக்கிறது.

"அந்த ஸ்வரம் எங்கேயோ போகப் பார்க்கறது, பாருங்கோ. போக விடாம நிறுத்திட்டான். ரிடையர் ஆறதுக்குள்ள ஒரு தடவை முழுசாக் கேட்டுடணும்."

அன்றே என் அரைகுறை இங்கிலீஷில் அந்த வாத்தியாருக்கு மெயில் எழுதினேன். மீதியைத் தயவுசெய்து அனுப்பவும். மூன்றாம் நாள் பதில் வந்தது. மீதி என்று எதுவும் இல்லை, முழுவதுமே அவ்வளவுதான், ரசித்ததற்கு நன்றி என்று எழுதியிருந்தார். மீதி சாரிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனாலும் சொன்னேன். டிபன் பாக்ஸை மூடினார்.

"பாவம், அவருக்கும் கிடைக்கலை" என்றார். "சன்னதியில திரை போட்டா சேவை முடிஞ்சுதுன்னா அர்த்தம்? திறக்கறவரைக்கும் நிக்கணும்."

ரிடையராகி, மகளோடு பெங்களூருக்குப் போய்விட்டார். அவர் இடத்தில் இப்போது ஒரு பிரிண்டர் இருக்கிறது. போன வாரம் மத்தியானம் அந்த இரண்டு நிமிஷத்தைத் தனியாகக் கேட்டேன். முடிந்த பிறகும் இயர்போனைக் கழற்ற மனசு வரவில்லை. அவருக்குப் போன் போட்டேன்.

"சார், மீதி இருக்கு சார். கண்டிப்பா இருக்கு" என்றேன்.

அந்தப் பக்கம் தொடையில் மெல்லத் தாளம் தட்டுவது கேட்டது. எனக்கு அவர் பக்கத்தில் போய் உட்கார வேண்டும் போலிருந்தது.