மேலாளர் வீட்டில் ஒரு வாய் மிச்சம்

புது மேலாளர் வெளிநாட்டுக்காரர். வந்த வேகத்தில் கிடங்கில் இரண்டு பேருக்குச் சீட்டைக் கிழித்தவர். அப்படிப்பட்டவர் கிடங்குக் கண்காணிப்பாளரை மனைவியோடு சாப்பிட வரச் சொன்னால் எப்படி இருக்கும்? கண்காணிப்பாளர் கிளம்பும் முன்பே மனைவிக்குப் பாடம் எடுத்தார்.

"அங்க நீ வாயே திறக்காத," என்றார் தையல்காரியான மனைவியிடம். "நான் பண்றதைப் பாத்து அப்படியே பண்ணு. ஏதாவது தப்பாச்சு, நாளையிலிருந்து நான் வீட்லதான்."

"நாள் முழுக்க வீட்லயா? அப்ப தப்பே நடக்கக் கூடாது," என்றாள் மனைவி.

மேலாளர் வீட்டு மேசைமுன் நால்வரும் உட்கார்ந்தார்கள். யாரும் பேசவில்லை. மேலாளரும் சரி, அவர் மனைவியும் சரி, குனிந்த தலை நிமிரவில்லை. வேலை போயிற்று என்றே கண்காணிப்பாளர் முடிவு கட்டினார். மரியாதையாவது மிஞ்சட்டும் என்று தட்டைத் துணுக்கு விடாமல் வழித்தார். மேலாளர் எழுந்துவந்து மறுபடி நிரப்பினார். கண்காணிப்பாளர் அதையும் தின்றார். மேலாளர் மறுபடி நிரப்பினார். இடுப்புவார் கடைசித் துளைக்கு வந்துவிட்டது.

மனைவியோ தட்டில் ஒரு வாய் மிச்சம் வைத்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்காரர்கள் இருவரும் பாத்திரத்தோடு உள்ளே போன நேரம், அவர் பல்லைக் கடித்தார். "மிச்சம் வைக்காதடி. கோவிச்சுக்கப் போறாங்க."

"காலி பண்ணினா இன்னும் பசிக்குதுன்னு அர்த்தம். ஒரு வாய் விட்டா போதும்னு அர்த்தம். சாப்பிடறப்ப பேசவும் மாட்டாங்க. அதுதான் இவங்க வழக்கம்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"அந்தம்மா என்கிட்டதான் துணி தைக்கக் குடுக்கறாங்க."

"முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"வாயைத் திறக்கக் கூடாதுன்னு உத்தரவாச்சே."

அடுத்து நிரம்பிய தட்டில் அவர் ஒரு வாய் விட்டார். மேலாளர் முகம் மலர்ந்தது. சாப்பாடு முடிந்ததும் பேச்சு பிறந்தது.

"உங்க வழக்கம் என்ன?" என்று கேட்டார் மேலாளரின் மனைவி.

கண்காணிப்பாளர் வாயைத் திறக்குமுன் மனைவி முந்தினாள். "விருந்துக்குப் போன வீட்ல எங்க ஆம்பளைங்கதான் பாத்திரம் தேய்ப்பாங்க."

மறுத்தால் மனைவி பொய் சொன்னதாகும். அதுவும் மேலாளர் எதிரில். வீட்டில் குடித்த டம்ளரைக்கூட நகர்த்தாதவர், சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். அடுத்தவர் வழக்கத்தில் குறுக்கிடக் கூடாது என்று மேலாளர் தள்ளி நின்றார். பீங்கான் தட்டு கைநழுவப் பார்த்தபோதெல்லாம் கண்காணிப்பாளருக்கு உயிர் போய் வந்தது.

தெருவுக்கு வந்ததும் கேட்டார். "என் வேலை தப்புமா?"

"உங்களை மாதிரி ஆள் கிடைக்கறது கஷ்டம்னு உங்க மேலாளர் சொன்னாராம். அந்தம்மாதான் சொன்னாங்க. வேலை பத்திரம்."

அன்றைக்கு முதல்முறையாக அவர் மூச்சை முழுசாக விட்டார்.

"ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் நம்ம வீட்டுக்கு வராங்க," என்றாள் மனைவி. "விருந்துன்னா எங்க வீட்ல அவர்தான் சமைப்பார்னு சொல்லியிருக்கேன்."