வெளி ஆடு வந்தால் வேலி கட்டுகிறேன்

வேலி எப்போது ரிப்பேர் ஆகிறது என்பதில் எனக்கும் என் மனைவி கோகிலாவுக்கும் அடிப்படையிலேயே கருத்து வேறுபாடு. விழுந்தால்தான் ரிப்பேர் என்பது என் கட்சி. சாய்ந்தாலே ரிப்பேர் என்பது அவள் கட்சி. நானும்தான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாய்கிறேன். என்னைப் பிடுங்கிப் போட்டுவிட்டு யாராவது புது ஆளையா நடுகிறார்கள்?

எனக்கு மண்டபம் ஊரில் ஐஸ் கம்பெனியில் வேலை. வாரம் பூராவும் ஐஸ் கட்டியோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமை, வேப்பமரத்து நிழல், ஒரு நைலான் கட்டில். உலகத்தில் நான் கேட்பது இவ்வளவுதான். இந்த நிழலுக்காகத்தான் போன வருஷம் கோகிலா ஆடு வளர்க்கலாம் என்றபோதுகூட முடியாது என்று சொன்னேன். ஆடு என்றால் தீனிக்குக் குழை ஒடிக்க வேண்டும், கட்ட வேண்டும், காணாமல் போனால் தேட வேண்டும். "ஆடு உள்ள வந்தா நான் வெளிய போயிருவேன்" என்றேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். எதை யோசித்தாள் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

இப்போது வேலிக்கு வருகிறேன். பனைமட்டை வேலி. மண்ணுக்குள் இருந்த அடியெல்லாம் கரையான் தின்று மட்டைகள் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. நானாக அங்கங்கே பழைய மீன்வலையை வைத்துக் கட்டியிருந்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் வேலி மாதிரியே இருக்கும்.

கோகிலா ஒரு நாள் அதன்மேல் ஈரப் போர்வையைக் காயப்போட்டாள். போர்வையும் வேலியும் சேர்ந்து படுத்துக்கொண்டன.

"ஒரு போர்வையத் தாங்க மாட்டேங்குது. இதெல்லாம் ஒரு வேலியா?"

"துணி காயப்போடவா வேலி கட்டுனது?"

"அப்ப ஆட்டத் தடுக்கவாச்சும் தடுக்குமா?"

"எந்த ஆடு வந்துச்சு சொல்லு."

இங்கேதான் எனக்கு வீரம் வந்தது. ஒரு வெளி ஆடு இந்த வேலியைப் புகுந்து உள்ளே வந்து, அதை நான் என் கண்ணால் பார்க்க வேண்டும், பார்த்தால் அன்றைக்கே பூராவையும் பிரித்துப் புதிதாகக் கட்டுகிறேன், அதுவரை வேலிப் பேச்சே எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

கோகிலா சேலை முந்தியில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "வெளி ஆடு."

"வெளி ஆடு."

"நீங்க பாக்கணும்."

"நான்தான் பாக்கணும்."

"சரி" என்று உள்ளே போய்விட்டாள். முதல் பேச்சிலேயே அவள் சரி என்று சொன்னது எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. நான் அங்கேயே பயந்திருக்க வேண்டும். தூங்கப் போய்விட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கட்டிலில் சாய்ந்து கண்ணை மூடுகிறேன், காதுக்குப் பக்கத்தில் யாரோ முறுக்கு தின்கிற சத்தம். கருப்பு வெள்ளாடு ஒன்று. முருங்கைக் கன்றைத் தின்றுகொண்டிருந்தது. கழுத்தில் மயில்கழுத்து நிறத்தில் துணி கட்டியிருந்தார்கள். நல்ல ரசனையுள்ள வீட்டு ஆடு என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம்தான் நான் விட்ட சவால் ஞாபகம் வந்தது. நான் பார்த்துவிட்டேன் அல்லவா.

நான் பார்த்ததை யாரும் பார்க்கவில்லை. ஆட்டை அலுங்காமல் தூக்கி, வந்த ஓட்டை வழியாகவே வெளியே விட்டேன். புழுக்கையைப் பொறுக்கினேன். ஓட்டையில் வலையைச் செருகினேன். சாயங்காலம் கோகிலா மொட்டையாக நின்ற முருங்கையைப் பார்த்தாள்.

"காத்து ஜாஸ்தி" என்றேன்.

"ஆமா, இந்த வருசம் காத்துக்குப் பல்லு முளைச்சுருக்கு" என்றாள். அதோடு விட்டுவிட்டாள்.

அதன் பிறகு எனக்கு ஞாயிற்றுக்கிழமையே இல்லை. கட்டில் கிரீச் என்றால் ஆடு ஆஜர். முன்வாசலில் துரத்தினால் பின்பக்கம் வரும். உள்ளே வந்ததும் நேராக அடுப்படி வாசலுக்குப் போய், கழனித்தண்ணித் தொட்டியில் தலையை விட்டு, குடித்து முடித்து என்னை ஏறிட்டுப் பார்க்கும். நான் யார், இங்கே எதற்கு நிற்கிறேன் என்று கேட்கிற பார்வை. அடுத்தவர் வீட்டில் இவ்வளவு உரிமையோடு நடந்துகொள்கிற ஆட்டை நான் பார்த்ததில்லை. கோகிலா உள்ளே ஃபேனைப் போட்டு நிம்மதியாகத் தூங்கினாள். நான் வெயிலில் கம்போடு ஓட்டைக்கு ஓட்டை நடந்தேன். வேலி செய்ய வேண்டிய வேலையை நான் செய்துகொண்டிருந்தேன். வேலியாவது ஒரே இடத்தில் நின்றது.

பின் வீட்டில் கணேசலிங்கமும் அவர் மனைவி ஞானாம்பிகையும் குடியிருந்தார்கள். சண்டைக் காலத்தில் கடலுக்கு அக்கரையிலிருந்து படகேறி வந்து, ரொம்ப வருஷம் மண்டபம் அகதி முகாமில் இருந்துவிட்டு, இப்போது வாடகைக்கு வந்தவர்கள். அவர் வீட்டு வேலி பள்ளிக்கூடப் பிரேயரில் நிற்கிற மாதிரி நிற்கும். நான் கம்போடு நடப்பதை அவர் பார்த்துவிட்டார்.

"என்ன அண்ணை, ஏதும் துலைச்சுப் போட்டியளோ?"

தூக்கத்தைத் தொலைத்துவிட்டேன் என்று சொல்ல முடியுமா? சும்மா காற்று வாங்குகிறேன் என்றேன். அவர் என் வேலியை ஒரு விரலால் தொட்டார். அது ஆடியது. அவர் முகத்தில் செத்த வீட்டுக்கு வந்தவர் களை. அவருடைய ஊரில் வருஷா வருஷம் வேலி அடைப்பார்களாம். அடைக்காத வீட்டுக்குப் பெண் கொடுக்கவே யோசிப்பார்களாம். "ஏன் அண்ணை பாடுபடுறியள்? ஒருக்கா ஒழுங்காக் கட்டினா வருசம் முழுக்கப் படுக்கலாம்."

கடைசியில் சொன்ன வார்த்தை என்னை விழுத்தாட்டியது.

ஆனால் தோற்றுக் கட்டக் கூடாதே. அன்று ராத்திரிச் சாப்பாட்டில், ஆடிக்காற்று வருகிறது, யாரும் சொல்லாமலே நானாக மனசு வந்து வேலி கட்டப்போகிறேன் என்று அறிவித்தேன். கோகிலா தட்டில் இன்னொரு மீனை வைத்தாள். "ஆடு எதுவும் வரலையே, எதுக்குச் சிரமம்?" என்றாள். பெரிய மனசோடு சிரித்தேன்.

திருப்புல்லாணிப் பக்கம் போய் ஒரு வண்டி மட்டை ஏற்றி வந்தேன். பனைமட்டைக்கு இரண்டு ஓரமும் ரம்பப் பல். கட்டி முடிப்பதற்குள் என் கை இரண்டும் கருவாட்டுக்குக் கீறிய மீன் மாதிரி ஆகிவிட்டது. கணேசலிங்கம் கூடவே நின்று முடிச்சுப் போட்டார். "அண்ணை, அடியில இடைவெளி விடாதேங்கோ. குட்டி பூந்திடும்" என்றார். கோகிலாவும் மோர் கொண்டுவரும்போதெல்லாம் அதையே சொன்னாள். "இங்கன இன்னும் நெருக்குங்க. குட்டி நுழையக் கூடாது." ஊரில் இல்லாத குட்டிக்கு இவ்வளவு பேர் ஏன் கவலைப்படுகிறார்கள் என்று தோன்றியது. கேட்கத் தெம்பில்லை. நெருக்கிக் கட்டினேன்.

வேலி எழுந்தது. கோகிலா ஈரப் போர்வையைப் போட்டுப் பார்த்தாள். அசையவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் கட்டிலை விரித்து, காலை நீட்டி, உடம்பில் இருக்கிற அத்தனை எலும்பையும் ஒவ்வொன்றாக இறக்கி வைத்தேன். சத்தமே இல்லை. கண் சொருகியது.

வாசல் படல் திறந்தது. கணேசலிங்கம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். கயிற்றின் மறுமுனையில் அந்தக் கருப்பு ஆடு. வயிறு இரண்டு பக்கமும் பானை மாதிரி.

"இந்தாங்கோ அக்கா, உங்கட ஆடு. நிறைமாசம். இனி உங்கட வேலிக்குள்ள நிக்கட்டும். ஈண்டாப் பிறகு குட்டியைப் பிரிப்பம்."

எங்கள் பக்கத்தில் ஆட்டை வாரத்துக்கு விடுவது என்று ஒரு வழக்கம் உண்டு. ஆடு ஒருத்தருடையது, மேய்ப்பது இன்னொருத்தர், குட்டி ஆளுக்குப் பாதி. போன வருஷம் நான் முடியாது என்று சொன்ன அதே வாரத்தில் கோகிலா மகளிர் குழுக் காசில் ஆட்டை வாங்கி, ஞானாம்பிகையிடம் வாரத்துக்கு விட்டிருக்கிறாள். தினமும் பின்வாசலில் கழனித்தண்ணியும் வைத்திருக்கிறாள். மயில்கழுத்துத் துணியை இப்போதுதான் உற்றுப் பார்த்தேன். நான் தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்த சேலையின் கரை.

"அப்ப அன்னைக்கு நான் வேலி கட்டுறேன்னு சொன்னது..." என்று ஆரம்பித்தேன்.

"வெளி ஆடு வந்தாக் கட்டுறேன்னுதான் சொன்னீக" என்றாள் கோகிலா, ஆட்டின் முதுகைத் தடவிக்கொண்டே. "இன்னைக்கு வரைக்கும் ஒரு வெளி ஆடும் உள்ள வரல. நீங்களா மனசு வந்து கட்டுனீக. ஊரே பெருமையாப் பேசுது."

ஆடு உள்ளே வந்தால் நான் வெளியே போவேன் என்று சொன்னது ஞாபகம் வந்தது. வெளியே பார்த்தேன். குட்டிகூட நுழைய முடியாத மாதிரி கட்டியிருந்தேன். படலையும் கோகிலா கொண்டி போட்டுவிட்டாள். சரி, குழை நாளைக்கு ஒடித்துக்கொள்ளலாம் என்று திரும்பக் கட்டிலில் சாய்ந்தேன். ஆடு வந்து என் தலைமாட்டில் நின்று, அதே பார்வை பார்த்தது.

கோகிலா அடுப்படியிலிருந்து சொன்னாள்: "கட்டில வெயில் பக்கமாத் தள்ளிப் போட்டுக்கங்க. நிழல்ல அது படுக்கணும்."